சேலம் என்று பெயர் வைத்த அணி

2023 ஜூன் 13, கோயம்புத்தூர். சேப்பாக் சூப்பர் கில்லீஸ் ஆடிக்கொண்டிருந்தது. 20வது ஓவரில் ஒரே ஒரு பந்துதான் பாக்கி. வீசியவர் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் கேப்டன் அபிஷேக் தன்வர். ஸ்டம்பு பறந்தது, ஆனால் நோ பால். அடுத்ததும் நோ பால், சஞ்சய் யாதவ் அதைத் தூக்கி சிக்ஸர் அடித்தார். அதற்கு அடுத்ததும் நோ பால், இரண்டு ரன் ஓடினார்கள். பிறகு ஒரு வைடு. கடைசியில் ஒழுங்காக விழுந்த பந்தும் சிக்ஸருக்குப் போனது. கணக்கில் ஒரு பந்து, கொடுத்தது 18 ரன். சேப்பாக் 217 எடுத்தது, நாங்கள் 52 ரன்னில் தோற்றோம்.

அந்தத் துண்டு வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. லாரியில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போயிருந்த என் மச்சான் அங்கிருந்து போன் போட்டான். "மாப்ள, இங்க ஓட்டல்காரன்கூட சேலமா சேலமான்னு கேக்கறான்டா" என்றான். அவன் குரலில் சிரிப்பே இல்லை. தன்வர் மூத்த பந்துவீச்சாளர் என்ற முறையில் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். அந்த மனிதர் மேல் எனக்கு அன்றும் கோபம் இல்லை, இன்றும் இல்லை. ஒரு ஓவர் கைவிட்டுப் போவது எவனுக்கும் நடக்கும். என் ஆற்றாமை அந்த ஓவரைவிடப் பெரியது. 2021 முதல் 2025 வரை ஐந்து சீசன். டி.என்.பி.எல். என்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக், எட்டு அணிகள் ஆடி, நான்கு அணிகள் பிளே-ஆஃப் போகும் போட்டி. ஐந்து வருஷத்தில் ஒரு முறைகூட சேலம் அந்த நான்கில் இல்லை.

இதே அணி இங்கே வருவதற்கு முன் எப்படி இருந்தது என்று நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. டி.என்.பி.எல். தொடங்கிய 2016ல் அதன் பெயர் டூட்டி பேட்ரியாட்ஸ், ஊர் தூத்துக்குடி. முதல் வருஷமே கோப்பை. இறுதி ஆட்டத்தில் 215 எடுத்து, சேப்பாக்கை 93க்குச் சுருட்டி, 122 ரன்னில் ஜெயித்தார்கள். அடுத்த வருஷமும் இறுதி வரை போனார்கள். 2017ல் வாஷிங்டன் சுந்தர் அந்த அணிக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 459 ரன்னும் 15 விக்கெட்டும் எடுத்தார். 2019 ஆட்டங்கள் முடிந்த பிறகு அணி சேலத்துக்கு மாறியது. அணி வந்தது, அந்தத் தூத்துக்குடி ஆட்டம் வரவில்லை. 2020ல் கொரோனாவால் போட்டியே நடக்கவில்லை. 2021ல் எல்லா ஆட்டத்தையும் சேப்பாக்கத்திலேயே, ஆளில்லாத மைதானத்தில் நடத்தினார்கள். சேலத்து அணி தன் முதல் சீசன் முழுக்க சேலத்துக்காரன் ஒருவனும் நேரில் பார்க்காமல் ஆடி முடித்தது.

எங்களுக்குத் தோல்வி புதிதல்ல. நாமகிரிப்பேட்டைப் பக்கம் நாங்கள் வளர்ந்தபோது எங்கள் ஊர் அணி ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம்.

அப்போது எங்களுக்கு மைதானம் என்பது ஜவ்வரிசி செய்யும் சேகோ ஃபேக்டரியின் காய்போடும் களம். மரவள்ளிக்கிழங்கு வெட்டு முடிந்து, ஆலை நின்றுபோகும் கோடை மாதங்களில் ஏக்கர் கணக்கில் சிமெண்டுத் தரை சும்மா கிடக்கும். ஓரத்தில் கிழங்குச் சக்கையான திப்பி குவிந்து கிடந்து புளிப்பு நாற்றம் அடிக்கும். டென்னிஸ் பந்து அந்தத் தரையில் விழுந்தால் தோள் உயரத்துக்கு எழும்பும், விழுந்து பிடித்தவன் முட்டி உரிந்துபோகும். ஆலைக்காரர் எங்களுக்குப் பெரியப்பா முறை. ஆடக்கூடாது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "களத்துல எச்சி மட்டும் துப்பாதீங்கடா சாமி, நாளைக்கு அது மேல அரிசி காயணும்" என்பார். இருபது பேரில் ஒருவனும் துப்பியதில்லை. எல்லையில் நின்றவன்கூட களத்தைவிட்டு இறங்கிப் போய்த்தான் துப்பிவிட்டு வருவான்.

ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டுக்குத் தாரமங்கலம், எடப்பாடிப் பக்கத்திலிருந்து அணிகள் வரும். பாதிப் பேர் தறி ஓட்டுகிறவர்கள். ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு, காதுக்குப் பின்னால் பஞ்சுத் தூசியோடு வந்து நின்று, யார்க்கர் யார்க்கராகப் போடுவார்கள். டென்னிஸ் பந்தில் அடி வாங்காமல் தப்பிக்க அது ஒன்றுதான் வழி. லெங்த்தில் குத்தினால் பந்து ஆலைக் கூரைக்குப் போய்விடும், காலடியில் இறக்கினால் மட்டைக்குத் தோண்டி எடுக்கத்தான் நேரம் இருக்கும். அவர்களிடம் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போவோம்.

மறுநாள் காலை டீக்கடையில் விசாரணை. கேட்சை விட்டவன் கிளாஸை வாயில் வைக்கும் முன்னே "ஏண்டா, அத்தாச்சோடு பந்து, அதையா உட்ட?" என்று ஏதாவது ஒரு பெரிசு ஆரம்பிப்பார். அவன் அப்பா பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பேப்பருக்குள் முகத்தை வைத்திருப்பார். ஒரு வாரம் அவன் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கேட்ச் கூடவே வரும். அடுத்த ஞாயிறு அவன் பாய்ந்து ஒன்றைப் பிடித்தால், அதே பெரிசுதான் முதலில் கைதட்டுவார். தோல்விக்கு அப்போது ஒரு முகவரி இருந்தது. கோபத்தை எங்கே போய் இறக்குவது என்று எங்களுக்குத் தெரியும்.

இன்று அணிக்கு மைதானம் இருக்கிறது. அதுவும் எப்பேர்ப்பட்ட மைதானம்! வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் கட்டியது. 2020 பிப்ரவரியில் நடந்த திறப்புவிழாவுக்கு ராகுல் திராவிட் வந்திருந்தார். சுற்றிலும் மலை, நடுவில் பச்சை. ஆத்தூர் ரோட்டில் இரவில் போனால் விளக்குக் கோபுரங்களின் வெளிச்சம் தூரத்திலேயே தெரியும். களத்துத் தரையில் முட்டியைத் தேய்த்தவன் கண்ணுக்கு அந்தப் புல்லைப் பார்ப்பதே பெரிய நிறைவு. குடும்பத்தோடு போகிறோம். அயோத்தியாப்பட்டணம் தாண்டுவதற்குள் பையன்கள் தட்டுவடை செட் கேட்டு வண்டியை நிறுத்தச் சொல்வார்கள். கூட்டம் நன்றாகவே வருகிறது, கத்துகிறது. ஆனால் "சேலம், சேலம்" என்று கத்துகிற அளவுக்கு, ஒரு வீரனைப் பேர் சொல்லி உரிமையோடு "டேய் தம்பி, நேராப் போடுடா" என்று கூப்பிடுகிற குரலை நான் அங்கே கேட்கவில்லை. 2023ல் பிளே-ஆஃபின் முதல் இரண்டு ஆட்டங்கள் இந்த மைதானத்தில்தான் நடந்தன. கோவை வந்தது, திண்டுக்கல் வந்தது, நெல்லை வந்தது, மதுரை வந்தது. எங்கள் ஊரில் நடந்த அந்தப் பந்தியில் எங்களுக்குத்தான் இலை இல்லை.

இதற்கு நடுவில் எங்கள் பக்கத்துப் பந்துவீச்சாளர் நடராஜன். சின்னப்பம்பட்டிக்காரர், தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிக் கடை போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர். நான் சொன்ன அதே டென்னிஸ் பந்து யார்க்கரை எடுத்துக்கொண்டு சென்னை லீகுக்குப் போனவர். 2020 டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் போட்டி, அங்கேயே இரண்டு நாள் கழித்து டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகையிலும் அறிமுகமான முதல் இந்தியர். அவர் திரும்பி வந்தபோது சின்னப்பம்பட்டியில் குதிரை பூட்டிய சாரட்டில் ஏற்றி அழைத்துப்போனார்கள்.

அவரை டி.என்.பி.எல். முதலில் கவனித்தது 2016ல். திண்டுக்கல்லுக்காக ஒரு சூப்பர் ஓவரில் அபினவ் முகுந்துக்கு அடுத்தடுத்து யார்க்கராக இறக்கினார். முகுந்த் ஆடிய அணி எது தெரியுமா? அதே டூட்டி பேட்ரியாட்ஸ். பின்னாளில் எங்கள் ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்ட அணிக்கு எதிராக நின்றுதான் எங்கள் ஊர்ப் பிள்ளை பேர் வாங்கினார். அதன் பிறகு கோவைக்கு ஆடினார், 2023ல் திருச்சிக்கு, 2024ல் திருப்பூருக்கு. அடுத்த வருஷம் திருப்பூர் கோப்பையே ஜெயித்துவிட்டது. சேலத்தின் சட்டையில் அவரை ஒரு நாள் பார்த்துவிட மாட்டோமா என்று இன்னும் காத்திருக்கிறோம்.

2023 ஜூன் 23ஆம் தேதி, அந்த 18 ரன் பந்துக்குச் சரியாகப் பத்து நாள் கழித்து, நடராஜன் தன் ஊரில் கட்டிய மைதானத்தைத் தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். கார்த்திக்கும் 2016ல் தூத்துக்குடி அணியில் இருந்தவர். சேலம் கிரிக்கெட்டுக்கு அந்த ஜூன் மாதத்தில் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று நான் நம்புகிறேன். ஏனென்றால் சின்னப்பம்பட்டியில் இன்று பந்து வீசுகிற பத்து வயதுப் பையனுக்கு, தோல் பந்தைத் தொட இருபது வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பையன் வளர்ந்து எந்தச் சட்டை போடுவான்? இங்கேதான் சிக்கல். முதலில் டிராஃப்ட் முறை இருந்தது, 2023 முதல் ஏலம். கையில் இருக்கும் தொகைக்குள் எந்த அணியும் தமிழ்நாட்டின் எந்த மூலைக்காரரையும் எடுக்கலாம். ஆட்டக்காரர்களுக்கு அதனால் நல்ல காசு கிடைக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் ஏலத்தில் சாய் சுதர்சனுக்கு 21.60 லட்சம் போனது. ஆனால் ஊர்ப் பெயரில் டிக்கெட் விற்கிற போட்டியில், ஊருக்கும் அணிக்கும் சட்டையில் இருக்கும் எழுத்தைத் தவிர வேறு ஒட்டுறவே வேண்டாமா?

ஸ்பெயினில் அத்லெட்டிக் பில்பாவ் என்றொரு கால்பந்து அணி இருக்கிறது. பாஸ்க் நாட்டில் பிறந்தவர்கள் அல்லது அங்கே ஆடி வளர்ந்தவர்கள் மட்டும்தான் அதில் ஆட முடியும். அந்த நாட்டு முதல் டிவிஷனிலிருந்து அந்த அணி இதுவரை கீழே இறங்கியதே இல்லை. 40 வருஷம் பெரிய கோப்பைக்காகக் காத்திருந்து 2024ல் கோபா டெல் ரே ஜெயித்தபோது ஊரே ஆற்றங்கரையில் திரண்டு நின்றது. எதிர்க் கதையும் உண்டு. இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் கவுண்டி தன் மண்ணில் பிறந்தவன்தான் ஆடவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தது. 1968க்குப் பிறகு பல வருஷம் கவுண்டி சாம்பியன்ஷிப் கைக்கு எட்டவே இல்லை. 1992ல் கதவைத் திறந்தார்கள், முதல் வெளிநாட்டு வீரராக டெண்டுல்கர் போனார். ஆக, மண்ணின் மைந்தன் என்று சொன்னால் மட்டும் கோப்பை வந்துவிடாது. எனக்கு அது நன்றாகவே தெரியும்.

அதனால் நான் பில்பாவ் கேட்கவில்லை. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி, இந்த நான்கு மாவட்டத்து லீகில் ஆடி வந்த பையன்கள் மூன்று பேர் எல்லா ஆட்டத்திலும் பதினொருவரில் இருக்கவேண்டும். அவ்வளவுதான். அப்படி ஒரு விதி வந்தால் இங்கே என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அணிக்காரர்கள் மே மாதம் மேட்டூர் ரோட்டிலும் திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்டுகளுக்கு வந்து உட்கார்ந்தே ஆகவேண்டும். போர் போடும் ரிக் வண்டியில் வேலைக்கு வடக்கே போய்விட்ட இடதுகைப் பையனைத் தேடிப்பிடிக்க வேண்டிவரும். நடராஜனைத் தூக்கிவிட ஜெயபிரகாஷ் என்ற ஒரு அண்ணன் ஊரிலேயே இருந்தார், சொந்தக் காசும் நேரமும் போட்டார். ஐ.பி.எல். சட்டையின் முதுகில் நடராஜன் அவர் பெயரையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டார். எல்லா ஊரிலும் ஒரு ஜெயபிரகாஷ் கிடைப்பாரா? அந்த வேலையை ஊர்ப் பெயரை வைத்திருக்கிற அணிதானே செய்யவேண்டும்?

கேப்டன்கள் வருகிறார்கள், போகிறார்கள். 2022ல் முருகன் அஷ்வின், அடுத்த வருஷம் தன்வர், அதற்குப் பிறகு வேறு வேறு பேர். எல்லாரும் கெட்டிக்காரர்கள், உழைப்பவர்கள். தோற்ற மறுநாள் பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள், அது அவர்கள் தொழில். இங்கே நானும் மச்சானும் ஸ்கோர் கார்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். "அந்தப் பையன் எந்தூருடா?" என்று அவன் கேட்கிறான். என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் சேலத்தின் பட்டியலை எடுத்து நான் விலையைப் பார்ப்பதில்லை, ஊரைத்தான் தேடுகிறேன். வரும் வருஷமும் வாழப்பாடி போவேன், கத்துவேன். அந்தப் பட்டியலில் இந்தப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் இருந்து, அவர்களில் ஒருவன் ஒரு சுலபமான கேட்சை விட்டு ஆட்டமே போனாலும் பரவாயில்லை. அவன் அப்பா யார், எந்த டீக்கடைக்கு வருவார் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.