மூக்குக்கு எட்டிய சேதி

கேள்வி: லண்டனில் தேம்ஸ் கரையை அழகுபடுத்தத்தானே விக்டோரியா எம்பேங்க்மென்ட் கட்டினார்கள்?

பதில்: அழகா? நாற்றம் ஐயா, நாற்றம்! 1849-லும் 1854-லும் காலராவில் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் செத்தபோது நகராத கோப்பு அது. 1858 கோடையில் ஊர்க் கழிவெல்லாம் கலந்த ஆறு வீச்சமெடுத்து, கரையோரப் பார்லிமென்டிலேயே திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. எம்.பி.க்கள் மூக்கைப் பிடித்ததும் சட்டம் பறந்து வந்தது.

பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட் ஆற்றோரச் சேற்றை வளைத்துக் கருங்கல் சுவர் எழுப்பினார். உள்ளே கழிவுநீர்ச் சுரங்கம், பக்கத்திலேயே பாதாள ரயில், மேலே சாலை. திறப்புவிழா 1870-ல். செலவுக்கு, நிலக்கரி மீதும் ஒயின் மீதும் வரி (குடிமகன் காசில் பொதுப்பணி நடப்பது நமக்கு மட்டும் உரியதல்ல!). படகிலிருந்து இறங்க 1626-ல் கட்டிய யார்க் வாசல், இன்று பூங்காவுக்குள் அசடு வழிய நிற்கிறது. நதி நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விட்டது.

கழிவு? கிழக்கே பெக்டனுக்குக் கொண்டுபோய், கடல் வற்றும் நேரம் பார்த்து, அதே தேம்ஸில்தான் விட்டார்கள். எம்.பி.க்கள் உட்கார்ந்திருந்தது மேற்கே.