ஹேப்பி நியூ இயருக்கு நடை திறப்பு

டிசம்பர் பிறந்தால் தூத்துக்குடியில் இரண்டு விஷயம் தவறாமல் வந்துவிடும். ஒன்று, பேக்கரி வாசலில் பிளம் கேக். இன்னொன்று, என் பெரியப்பாவின் வாட்ஸ்அப் செய்தி: "சனவரி 1 நம் புத்தாண்டு அல்ல. வெள்ளைக்காரன் திணித்தது. சாமி கும்பிடுகிற எவரும் வாழ்த்துச் சொல்லாதீர்." போன தடவை அது 31ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி வந்தது. பின்னாலேயே ஒரு படமும் வந்தது. திருச்செந்தூர்க் கோயில் வரிசையில், நெற்றி நிறையத் திருநீறோடு பெரியப்பா.

உடனே போன் போட்டேன். "என்ன பெரியப்பா, நம்ம வருசப் பொறப்பு இல்லன்னுட்டு அங்க போய் நிக்கிய?"

"ஏல, நான் நியூ இயருக்கா வந்தேன்? மார்கழி மாசம், முருகனப் பாக்க வந்தேன்."

"மார்கழியில மத்த நாளும் இருக்கே?"

"இன்னைக்குத்தாம்ல நடைய ஒரு மணிக்கே தொறக்காவ!"

வீட்டில் பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே. மார்கழிக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டை, அதில் பூசணிப் பூ, சுற்றிலும் கலர்ப் பொடியில் ஆங்கில எழுத்தில் 'ஹேப்பி நியூ இயர்'. கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது வாசல்படி ஏறி நிற்கும். ஆண்டாளுக்கும் ஆங்கிலத்துக்கும் அங்கே ஒரு சண்டையும் இல்லை.

பெரியப்பாவின் வெள்ளைக்காரன் வாதத்தை மட்டும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்காரனுக்கே 1751 வரை சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25இல். 1752இல்தான் அவன் சனவரி 1க்கு வந்து சேர்ந்தான். போப் 13ஆம் கிரகோரியின் நாட்காட்டியையும் அதே வருடம்தான் ஏற்றுக்கொண்டான். அந்த நாட்காட்டி 1582இல் வந்தபோது நம் முத்துக்குளித்துறை போர்த்துக்கீசியர் கையில், கோயில் மணியெல்லாம் போப் கணக்கில். ஆக, இந்த விஷயத்தில் லண்டனுக்குத் தூத்துக்குடி சீனியர்.

சனவரி முதல் நாளை முதலில் எதிர்த்தவர்களும் நம் ஆட்கள் இல்லை, கிறிஸ்தவர்களே. புனித அகுஸ்தினார் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன், 'இது ரோமானியரின் புறமதக் கூத்து, அவர்கள் பரிசு கொடுத்தால் நீங்கள் தர்மம் கொடுங்கள், அவர்கள் குடித்தால் நீங்கள் நோன்பு இருங்கள்' என்கிற தோரணையில் மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்திருக்கிறார். இன்றைக்கு அதே நாள் கத்தோலிக்கருக்கு மரியா இறைவனின் தாய் பெருவிழா. 31ஆம் தேதி இரவு பனிமய மாதா கோயிலில் கூட்டம் நெரிகிறது. சிஎஸ்ஐ சபைகளில் வாட்ச்நைட் ஆராதனை முடிந்ததும் தட்டில் வைத்து வாக்குத்தத்த வசன அட்டை நீட்டுவார்கள். நமக்கு எது வருகிறதோ அதுதான் வருடத்துக்கு. கொண்டாட்டத்தை ஒழிக்கக் கிளம்பிய பிரசங்கம் இப்போது கொண்டாட்டத்திலேயே ஓர் அங்கம். நீளம் மட்டும் குறையவில்லை என்பது பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கருத்து. விசைப்படகு வைத்திருப்பவர்.

அவரிடம், "சித்திரை ஒண்ணத்தான் கொண்டாடணும்னு பெரியப்பா சொல்லுதாவ" என்றேன்.

"ஏப்ரல் 14 வருசப் பொறப்பு. 15 தடைக்காலம். வருசத்தோட ரெண்டாம் நாளே போட்டக் கட்டிப் போட்டுட்டு 61 நாளு சும்மா இருக்கணும். எந்த வாயால தம்பி வாழ்த்துச் சொல்ல?"

உப்பளத்தில் கேட்டால் இன்னொரு கணக்கு. மழை ஓய்ந்து, பாத்தியில் சேறு வாரிச் செப்பனிடும் சனவரிதான் அவர்களுக்கு ஆரம்பம். கொல்லம் ஆண்டு பார்க்கும் பழைய வீடுகளில் ஆவணி. காயல்பட்டினத்தில் முஹர்ரம், அதுவும் வருடத்துக்குப் பதினோரு நாள் போல முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆடிட்டருக்கு ஏப்ரல் 1. அரசாங்கம் 2008இல் சட்டம் போட்டுத் தமிழ்ப் புத்தாண்டைத் தைக்குக் கொண்டுபோய், 2011இல் மறுபடி சித்திரைக்கே கொண்டுவந்து விட்டது. இத்தனை புத்தாண்டு வைத்திருக்கிற ஊர், கூட ஒன்று வந்தால் எங்கே வைப்பது என்று திகைக்கவா போகிறது?

2017 டிசம்பரில் ஆந்திராவில், சனவரி 1க்காகக் கோயில்களில் தோரணம், அலங்காரம் என்று செலவு செய்யாதீர்கள் என ஒரு சுற்றறிக்கை போனது. சுற்றறிக்கை கோயிலுக்குப் போகும். கும்பிட வருகிறவனுக்கு எப்படிப் போகும்?

அதுவும் இந்தக் கடற்கரையில். மன்னார் வளைகுடாவில் அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க இறங்குமுன் சுறாவின் வாயைக் கட்டக் 'கடல்கட்டி' வர வேண்டியிருந்தது. அவர் மந்திரம் சொல்லாமல் ஆள் இறங்கியதில்லை. தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். இலங்கைப் பக்கத்துக் கடல்கட்டிக் குடும்பத்தின் அன்றைய தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்றும், அதனால் மந்திரத்தின் மதிப்பு குறையும் என்று யாரும் நினைக்கவில்லை என்றும் அங்கே ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எழுதியிருக்கிறார். சுறா ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை, மூழ்குகிறவனும் கேட்கவில்லை. முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோனது, அந்தப் புத்தி நிற்கவில்லை.

இதில் உண்மையாகவே பாதிக்கப்பட்டவர் என் கறுப்புச் சட்டை நண்பர் ஒருவர்தான். "சாமி இல்லாத நாள்னு இது ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் புடுங்கிட்டியளே" என்பார். பன்னிரண்டு மணிக்குத் துறைமுகத்துக் கப்பல்கள் சங்கு ஊதும்போது அவருக்குப் போக்கிடம் இல்லை. டீக்கடைக்காரர் திருச்செந்தூரில். பேக்கரிக்காரர் பூசையில். கடற்கரைக்குப் போகலாம் என்றால் தடுப்பு போட்டிருக்கிறார்கள். வீட்டில் இருக்கலாம் என்றால் மனைவி சிவன் கோயிலுக்குக் கிளம்பி, வண்டி ஓட்ட இவரைக் கூப்பிடுகிறார்.

ஆகவே பக்தர்கள் இந்த நாளைக் கொண்டாடலாமா என்ற விவாதத்தை மூட்டை கட்டிவிடலாம். அவர்கள் அதை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. மனம் ஒப்பாதவர்கள் கொண்டாட வேண்டாம். வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டுகிறவனுக்குப் பாடம் நடத்தவும் வேண்டாம். என் வேண்டுகோள் ஒன்றுதான்: 31ஆம் தேதி இரவு ஊரில் ஒரு டீக்கடையையாவது திறந்து வையுங்கள். சாமி இல்லாதவனுக்கும் வருடம் பிறக்கத்தான் செய்கிறது.