அடித்த கைக்கு ஆகும் செலவு

தமிழ்த் தாலாட்டு ஒன்றைப் போலீஸ் விசாரணை அறிக்கையாகப் படித்துப் பாருங்கள். குழந்தை அழுகிறது, யாரோ அடித்திருக்கிறார்கள், ஆள் யாரென்று தெரிய வேண்டும். முதல் சந்தேகம் மாமன் மேல். ஆயுதம் மல்லிகைப்பூச் செண்டு. அடுத்தது அத்தை, அவள் கையில் அரளிப்பூச் செண்டு. பாட்டியையும் விடுவதில்லை, பாலூட்டும் சங்கால் அடித்திருப்பாளோ என்று ஒரு கேள்வி. ஊருக்கு ஊர் பூவும் உறவும் மாறும். ஒரு பெயர் மட்டும் அநேகமாகப் பட்டியலில் ஏறாது: பாடிக்கொண்டிருக்கும் அம்மா. விசாரணை அதிகாரியே அவள்தான் என்பதால் வழக்கு இத்தனை தலைமுறையாக நிலுவையில் கிடக்கிறது.

நடப்பு வீடுகளில் மல்லிகைச் செண்டுக்கு வழியில்லை. முழம் விற்கிற விலைக்கு அதை எடுத்து யாரும் பிள்ளையை அடிக்க மாட்டார்கள். தோசைக்கரண்டி, விளக்குமாற்றுக் குச்சி, மரஸ்கேல், சட்டை மாட்டும் ஹேங்கர் என்று கைக்கு அகப்படுவதுதான் ஆயுதம். எதுவும் அகப்படாவிட்டால் கையே போதும். நேரம், காலை ஏழே முக்கால். தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரு கால் ஷூவைக் காணோம். முதல் விள்ளல் இட்லி இன்னும் கன்னத்திலேயே இருக்கிறது. கணக்கு டீச்சர் கேட்ட கிராஃப் நோட்டு இன்றைக்கே வேண்டும் என்பது இப்போதுதான் சபையில் அறிவிக்கப்படுகிறது. அந்த நிமிடம் பார்த்துப் பால் டம்ளர் கவிழ்கிறது, தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை மேல்.

பிள்ளை கைவிட்டுக் குழப்பிய கூழ் அமிழ்தத்தைவிட இனிது என்றார் வள்ளுவர். தரையில் சிந்தியதைத் துடைத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. மக்கட்பேறு அதிகாரத்தின் 10 குறள்களில் ஒன்றில்கூட அடி உதை கிடையாது. ஸ்கூல் வேனும் கிடையாது.

முதுகில் ஒன்று விழுகிறது. வேன் போய்விடுகிறது. அதற்கப்புறம்தான் அடித்தவருக்கு வலிக்க ஆரம்பிக்கும்.

அம்மா ஆபீஸ் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, “சாப்பிடாமக்கூடப் போயிட்டானே” என்று நினைப்பாள். இரண்டாவது நிறுத்தத்தில், “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கை நீட்டிட்டேனே” என்பது சேர்ந்துகொள்ளும். அடுத்த நிறுத்தம் வருவதற்குள், பிள்ளை இரண்டு வயதில் கொலுசு போட்டுக்கொண்டு நடந்த பழைய வீடியோவைத் தேடி எடுத்திருப்பாள். அடித்தது அப்பாவென்றால் வேறு மாதிரி. அவர் பதினோரு மணிக்கு மனைவிக்குப் போன் போட்டு, கேஸ் புக் பண்ணியாச்சா என்று விசாரிப்பார். ஆறு மாதமாகக் கேஸைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காதவர். மனைவிக்குப் புரியும். “ஸ்கூல்ல விட்டாச்சு, அழுகை நின்னுடுச்சு” என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

சாயங்காலம் கணக்குத் தீர்க்கப்படும். இதற்கு எழுதப்படாத கட்டண விகிதம் ஒன்று பெரும்பாலான வீடுகளில் அமலில் இருக்கிறது. கிள்ளுக்குக் கடலை மிட்டாய். முதுகில் சாத்தினால் பேக்கரி எக் பப்ஸ். கன்னத்தில் அறைந்திருந்தால் பரோட்டா, சால்னாவோடு அரைமணி நேரம் போன். விரல் தடம் பதிந்துவிட்டதென்றால் ஞாயிற்றுக்கிழமை மால், சினிமா, பெரிய சைஸ் பாப்கார்ன். விபத்து நஷ்டஈடுகூட இவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. ஏழெட்டு வயதுக்குள் பிள்ளைகளுக்கு இந்த விகிதம் மனப்பாடம். சிவந்த இடத்தை அப்பா வரும்வரை தேய்த்துத் தேய்த்துப் பாதுகாக்கும் திறமைசாலிகளும் உண்டு.

வாங்கித் தருவதில் தப்பில்லை. ஆனால் இந்தப் பட்டுவாடா முழுவதிலும் அடித்தவர் வாயிலிருந்து அடியைப் பற்றி ஒரு வார்த்தை வராது என்பதுதான் வேடிக்கை. தோசையில் வழக்கத்தைவிட நெய் கூடும், தட்டில் இருப்பது பிசைந்து ஊட்டப்படும், தூங்கின பிறகு தேங்காய் எண்ணெய் தடவப்படும். “உன்னை அடிச்சிருக்கக் கூடாதுடா” என்ற வாக்கியத்தைத் தவிர மற்ற எல்லாம் நடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் காலை மிதித்தால் அனிச்சையாக ‘ஸாரி’ சொல்கிற மனிதர்தான்.

இதற்கு நடுவில் பாட்டி. குழந்தை தடுக்கி விழுந்தால் தரையை நாலு அடி அடித்து நியாயம் வழங்கியவள் அவள்தான். இப்போது மகனைப் பிடித்துக்கொள்வாள்: “ஏண்டா, பச்சப்புள்ளய அடிக்க உனக்கு எப்படிடா மனசு வந்துச்சு?”

“ஏம்மா, நீ என்னைத் தூண்ல கட்டி வச்சு அடிக்கலியா?”

“அது வேற.”

எப்படி வேறு என்று எந்தப் பாட்டியும் விளக்கியதாகத் தகவல் இல்லை. மகனும் வற்புறுத்துவதில்லை, ஏனென்றால் அதே தூணை அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் நாலு நடுத்தர வயதுக்காரர்கள் சேர்ந்தால் போதும். ஒருவர் அப்பாவின் பெல்ட்டைச் சொல்வார், அடுத்தவர் புளியங்குச்சியை எடுப்பார், மூன்றாமவர் மிளகாய்த்தூளுக்குப் போவார். “நாங்க வாங்காத அடியா? நல்லாத்தானே இருக்கோம்” என்று முடிப்பார்கள், நாலு பேரும் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டே.

பிள்ளையை அடிப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று பெற்றோர் எல்லோரும் நம்புகிறார்கள். அமெரிக்காவின் டல்லாஸ் பகுதியில் ஜார்ஜ் ஹோல்டன் என்ற உளவியல் பேராசிரியர் இதைச் சோதித்துப் பார்த்தார். 33 தாய்மார்களின் கையில் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு, சாயங்காலம் தொடங்கிக் குழந்தை தூங்கும்வரை வீட்டில் நடப்பதைப் பதிவு செய்தார். 2014ல் வெளிவந்த அந்த ஆய்வில் 15 குடும்பங்களில் மொத்தம் 41 முறை அடித்தது பதிவாகியிருந்தது. தகராறு தொடங்கிச் சராசரியாக 30 விநாடியில் அடி விழுந்திருக்கிறது. கடைசி வழிக்குப் போய்ச்சேர அரை நிமிடம்! அடி விழுந்த தடவைகளில் சுமார் 73 சதவீதத்தில் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்குள் மறுபடி வம்பைத் தொடங்கிவிட்டார்கள். குற்றங்களும் பிரமாதமானவை அல்ல. அம்மா கதை படிக்கும்போது புத்தகத்தின் பக்கத்தைத் தொட்டது ஒரு குற்றம். இன்னொரு அம்மா, தன்னை அடித்த குழந்தையை, அம்மாவை அடிக்கக் கூடாது என்று புரியவைப்பதற்காக அடித்திருக்கிறார். கருவி தன் கையில்தான் இருக்கிறது, பதிவாகிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன் கேலர் இருவரும் 2016ல் இன்னும் பெரிய கணக்கு எடுத்தார்கள்: 75 ஆய்வுகள், 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். அடி வாங்கும் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் கீழ்ப்படியாமையும் கூடுதலாகவே தென்பட்டன. அடியால் முரட்டுத்தனமா, முரட்டுத்தனத்தால் அடியா என்று கேட்கலாம். ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும், அடித்ததால் பிள்ளை திருந்தியது என்று சொல்ல அங்கே சான்று இல்லை.

அடித்த பிறகு வரும் குற்ற உணர்ச்சியில் நம்மூர் அப்பாக்களுக்கு மிகப் பெரிய துணை ஒருவர் இருக்கிறார்: காந்தி. 1910ல் ஜோகன்னஸ்பர்க் அருகே 1,100 ஏக்கரில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்கியிருந்தன, தமிழர்களும் அதில் நிறைய. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவரே காந்திதான். கப்பலிலும் சிறையிலும் ஜி.யு.போப்பின் பாடநூலை வைத்துக் கற்ற தமிழ் அது. அங்கே 17 வயதுப் பையன் ஒருவன் அடங்காமல் திரிந்தான். சண்டை, பொய், எல்லாம் உண்டு. ஒருநாள் அவன் அளவுக்கு மீறவே, காந்தி பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அவன் மசியவில்லை, ஏமாற்றவும் பார்த்தான். பக்கத்தில் கிடந்த ரூலரை எடுத்துக் கையில் ஒரு போடு போட்டுவிட்டார்.

போட்டவருக்கு நடுக்கம். பையன் அதைப் பார்த்துவிட்டான். கட்டுமஸ்தானவன், திருப்பி அடிக்க நினைத்திருந்தால் அடித்திருக்கலாம். அழுது மன்னிப்புக் கேட்டான். வலியால் அல்ல, தன்னை அடிக்க நேர்ந்ததில் அவர் பட்ட வேதனையைப் பார்த்துத்தான் அழுதான் என்று காந்தி தன் சுயசரிதையில் எழுதுகிறார். இந்த இடத்தில் நம்மூர் அப்பாவாக இருந்தால், “பாத்தியா, அடிச்சாத்தான் வழிக்கு வரான்” என்று பேனாவை மூடியிருப்பார். காந்தி மூடவில்லை. அன்றைக்குத் தன்னிடம் வெளிப்பட்டது மிருகம்தான் என்று ஒத்துக்கொண்டு, அடித்தது சரியா தவறா என்று இன்றுவரை தன்னால் முடிவு செய்ய முடியவில்லை என்கிறார். சுயசரிதை எழுதியது 1920களின் பிற்பகுதியில். ஒரே ஒரு ரூலர் அடிக்குப் பத்து வருடத்துக்கு மேல் விசாரணை. தன் மகன்களில் ஒருவனை ஒரே ஒருமுறை அடித்ததையும் அங்கேயே பதிவு செய்கிறார். எக் பப்ஸ் வாங்கிக் கொடுத்துக் கோப்பை மூடும் வழி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பையனுக்குக் கிடைத்தது அந்த நடுக்கம் மட்டும்தான். ஆனால் அது அவன் கண்ணெதிரே நடந்தது. தூங்கின பிறகு தடவும் தேங்காய் எண்ணெய்க்கு அந்த வசதி இல்லை.

சட்டம் இந்த விஷயத்தில் வாத்தியாரிடம் மட்டும் கண்டிப்பு. “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க” என்று பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்த காலம் இருந்தது. 2009ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17வது பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. வீட்டுக்குள் அப்படித் தனித் தடை இல்லை. கொடுமைப்படுத்தினால் சிறார் நீதிச் சட்டம் உண்டு. ஆனால் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலைப் பழைய தண்டனைச் சட்டத்தின் 89வது பிரிவு பாதுகாத்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27வது பிரிவு பாதுகாக்கிறது. காலை ஏழே முக்காலுக்குத் தோசைக்கரண்டியில் நல்லெண்ணம் எவ்வளவு, தோசை மாவு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

வீட்டுக்குள்ளும் அடிக்கக் கூடாது என்று முதலில் சொன்ன நாடு ஸ்வீடன், 1979ல். சட்டத்தின் அந்தப் பிரிவில் தனியாகத் தண்டனை எதுவும் வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்வதில்தான் அரசு கவனம் வைத்தது. பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்து விட்டார்கள். காலைச் சாப்பாட்டு மேஜையில் பெட்டி நிற்கும், பெற்றோரும் படிப்பார்கள், பிள்ளைகளும் படிப்பார்கள், பால் கவிழும்போது அறிவிப்பும் கூடவே கவிழும்.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு சிரமம். ஆவின் பாக்கெட்டை விடிகாலையில் பாதித் தூக்கத்தில் வெட்டுகிறவர்கள் நீலமா பச்சையா ஆரஞ்சா என்பதற்கு மேல் அதில் எதையும் படிப்பதில்லை. வேனுக்குப் பின்னால் எழுதி வைக்கலாம், ஆனால் வேனின் பின்பக்கம் தெரியும்போது அடி விழுந்து முடிந்திருக்கும். மிச்சம் இருப்பது தோசைக்கரண்டியின் காம்புதான். இடம் குறைவு, எழுத்துப் பொடியாகத்தான் வரும். நாற்பதைத் தாண்டியவர்கள் அதைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும். டிவி மேல், ஃப்ரிட்ஜ் மேல், பூஜை அலமாரி என்று தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வருவதற்கு எப்படியும் 30 விநாடிக்கு மேல் ஆகும்.