பனியனில் ஒரு கிறிஸ்துமஸ்

மெல்போர்னில் இருக்கும் நண்பன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கூப்பிட்டதும், தருமபுரியில் எங்கள் தெருவே என் உடல்நலத்தில் அக்கறை கொண்டது. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் என்றால் கோடைக்காலம் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஃபாரின்ல போய் வெயிலடிக்குமா?" என்பது பெரியம்மாவின் வாதம். சினிமாவில் வருகிற எல்லாக் கிறிஸ்துமஸிலும் பனி கொட்டுகிறதே, வேறென்ன சாட்சி வேண்டும்? பாதிப் பெட்டியை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் பிடித்துக்கொண்டன. மீதிப் பாதி, நண்பனின் அம்மாவுக்காகக் கொட்டை எடுத்த புளியும் கேழ்வரகு மாவும்.

அந்த நாட்டுக்குள் உணவுப்பொருள் எது கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதியாக வேண்டும். எழுதினேன். அதிகாரி புளி உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மோந்தார், கொட்டை இருக்கிறதா என்று அமுக்கினார். புளியை மன்னித்துவிட்டார். குல்லாவைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. "வெளியே வெயில் கொளுத்துகிறது, தெரியுமா?" என்றார். "எனக்குத் தெரியும் சார், பெரியம்மாவுக்குத்தான் தெரியாது" என்றேன்.

பெரியம்மாவை மட்டும் சொல்லிப் பயனில்லை என்பது ஊருக்குள் போனதும் புரிந்தது. கடைக் கண்ணாடிகளில் வெள்ளைப் பனி ஓவியம். ஒரு வீட்டுப் புல்தரையில் காற்றடைத்த பனிமனிதன், உள்ளே மின்விசிறி ஓடுவதால் மட்டுமே நின்றுகொண்டிருந்தான். கடைவீதிக் கிறிஸ்துமஸ் தாத்தாவோ கம்பளிச் சட்டை, தாடி சகிதம் வேர்த்து வழிந்தார்.

நண்பனின் குடும்பம் தருமபுரி பக்கத்துக் கோவிலூர். தருமபுரி மறைமாவட்டம் 1997-இல் உண்டானதற்கு வெகு காலம் முன்பே கத்தோலிக்கர்கள் வாழ்ந்த ஊர். வரவேற்பறையில் அவனுடைய அம்மா குடில் ஜோடித்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கொட்டகையின் கூரை மேல் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினார்.

"பெத்லகேம்ல இவ்வளவு பனியாம்மா?"

"ஊர்ல ஒட்டுன பழக்கம் தம்பி."

பனியனும் லுங்கியுமாய் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்தார். "மார்கழில நம்ம ஊர்ல காலை எட்டு மணிக்குக்கூட எதிர்ல வர்ற பஸ் தெரியாது. அந்தப் பனியை வாசல்ல விட்டுட்டு உள்ளே பஞ்சு ஒட்டினோம். இங்க வெயிலை வாசல்ல விட்டுட்டு ஒட்டுறோம். பஞ்சு மட்டும் மாறலை."

24-ஆம் தேதி மாலை மெழுகுவத்தி ஏந்திப் பாடும் விழா. வானொலி அறிவிப்பாளர் நார்மன் பேங்க்ஸ் 1938-இல் தொடங்கி வைத்தது. ஆனால் அங்கே டிசம்பரில் சூரியன் மறையவே எட்டே முக்கால் ஆகிவிடும். மெழுகுவத்தியை ஏற்றி வைத்துக்கொண்டு இருட்டுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் மதியம் மேஜையில் ஆறிய பன்றித்தொடை, இறால், பவ்லோவா கேக். எதிர்ப்பக்கம் மட்டன் பிரியாணி, களி, என்னோடு கடல் கடந்த புளியில் வைத்த காரக்குழம்பு. ஆளுக்கொரு காகிதக் குழல் கொடுத்தார்கள். இருவர் இருமுனையைப் பிடித்து இழுத்தால் 'பட்' என்று வெடித்து, உள்ளேயிருந்து ஒரு காகிதக் கிரீடமும் ஒரு மொக்கை ஜோக்கும் விழும். கிரீடத்தைச் சாப்பிட்டு முடியும்வரை கழற்றக் கூடாதாம். பனியனோடு கிரீடம் சூடிக் களியை உருட்டிய அப்பா, நாட்டைப் பறிகொடுத்தும் பசி போகாத ராஜாவைப் போலிருந்தார்.

26-ஆம் தேதி ஊரே கிரிக்கெட் மைதானத்தில். டெஸ்ட் முடிவதற்குள் என் தோல் இன்னும் இரண்டு வண்ணம் கறுத்தது.

கிளம்பும் நேரம் நண்பன் ஒரு சேதி சொன்னான். பனியில்லாத குறை தீராத ஆஸ்திரேலியர்கள் சிலர், குளிர்காலம் வரும் ஜூலையில் இன்னொரு கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்களாம். கணப்பு மூட்டி, சுடச்சுட விருந்து வைத்து. "அதுக்கும் வாடா" என்றான்.

அப்பாவுக்குச் சம்மதம். "ஒரு ஏசு, ரெண்டு பிறந்தநாள். என்ன தப்பு?"

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்: "பிறக்கிறவர் எத்தனை தடவை வேணா பிறக்கட்டும். ரெண்டாம் தடவை அதிரசம் சுடுறது யாரு?"