அண்ணாச்சியின் கழித்தல் கணக்கு

கோவில்பட்டியில் பைப்பும் பெயின்டும் விற்கிற எங்கள் அண்ணாச்சியிடம், கடையில் மாதம் என்ன நிற்கும் என்று கேட்டுப் பாருங்கள். "என்னத்த நிக்கி, வாடகைக்கும் வட்டிக்கும் சரியாப் போவுது" என்பார். ஆடிட்டரிடமும் இதே பதில்தான். ஆனால் பக்கத்துத் தெரு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் என்ன, அகவிலைப்படி எத்தனை சதவீதம், ஜூலை மாதம் இன்கிரிமென்ட் எவ்வளவு ஏறியது என்பதெல்லாம் அவருக்குப் பைசா சுத்தமாகத் தெரியும். கருவூலத்தில் இருப்பவர்கள்கூட பில்லைப் புரட்டித்தான் சொல்வார்கள். அண்ணாச்சிக்கு மனப்பாடம்.

சாதாரண நாளில் இந்த ரகத்தை அடையாளம் காண முடியாது. டீக்கடையில் பேப்பர் வாசித்துக்கொண்டும், பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் ஊர்க்கதை பேசிக்கொண்டும் நம்மைப் போலவே இருப்பார்கள். ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் என்று ஒரு வரி செய்தி வந்துவிட்டால் போதும், உள்ளே இருக்கிற நிதித்துறைச் செயலாளர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பொரிகடலை விற்கிறவர் வருவாய்ப் பற்றாக்குறை பற்றிப் பேசுவார். ஆட்டோ ஸ்டாண்டில் பட்ஜெட் போடுவார்கள்.

2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ–ஜியோ அறிவித்த போராட்டம் அண்ணாச்சிக்குப் பொங்கலுக்குப் பின்னால் வந்த இன்னொரு பொங்கல். கோரிக்கை ஒன்பது. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலையில் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் வேண்டும், இடைநிலை ஆசிரியர்களின் சம்பள முரண்பாட்டைச் சரிசெய்ய வேண்டும், ஊதியக்குழுவின் 21 மாத நிலுவை வேண்டும் என்று போகும் பட்டியல். அண்ணாச்சி ஒன்பதையும் வாசிக்கவில்லை. "சம்பளம்" என்ற சொல் கண்ணில் பட்டதுமே பேப்பரை மடித்து வைத்துவிட்டு கால்குலேட்டரை எடுத்தார். அந்தக் கால்குலேட்டரில் கழித்தல் பொத்தானின் குறி மட்டும் தேய்ந்து போயிருக்கும்.

"365-ல ஞாயிறு 52 போச்சா? சனி 52. மே மாசம் முழுசா 31. காலாண்டு, அரையாண்டு லீவு 20. கவர்மென்டு லீவு 23. சி.எல். 12. மழை லீவு ஒரு 5. மிச்சம் எவ்வளவு? 170. அதுலயும் எட்டு பீரியட்ல நாலு பீரியட் சும்மா உக்காந்திருக்கான். அப்ப 85 நாள். 85 நாள் வேலைக்கு 12 மாசச் சம்பளம். யார் காசு? எங் காசு! என் வரிப் பணம்!"

கடை வாசலில் ஒரு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் குழாய் ஒழுகுகிறது என்று, அரை இஞ்சுக் குழாய் ஒன்றும் டெஃப்லான் டேப் ஒரு சுருளும் வாங்க வந்தவர். அண்ணாச்சி கணக்கை முடிக்கிறவரை பொறுமையாகக் கேட்டார். அது அவருக்குத் தொழில்வழிப் பழக்கம்.

"மே மாசத்துச் சனி ஞாயிறை ரெண்டு தடவ கழிச்சிட்டீங்க அண்ணாச்சி. அரையாண்டு லீவுலயும் அதே தப்பு. சி.எல். மொத்தத்தையும் எடுத்த மாதிரி வேற போட்டிருக்கீங்க. தொடக்கப் பள்ளிக்கு வேலை நாள் 220."

"அது கவர்மென்டு கணக்கு டீச்சர். இது நம்ம கணக்கு" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் அசராமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "பில் போடவா, பில் இல்லாம எடுத்துக்கிடுதீங்களா? பில்லுன்னா பதினெட்டு பர்சன்ட் கூட வரும்" என்றார்.

"போடுங்க அண்ணாச்சி. அதுலருந்துதான எனக்குச் சம்பளம் வரணும்."

அண்ணாச்சி பில் புத்தகத்தைத் தேடினார். அது கிடைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவர் சொல்வதில் எதுவுமே இல்லை என்று தள்ளவும் முடியாது. "அவ்வளவு நல்லாப் பாடம் நடத்துறவங்க, தங்க பிள்ளைய ஏன் மெட்ரிகுலேஷன்ல சேக்காங்க?" என்று கேட்பார். வாத்தியார்களிடம் நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரி சொன்னாள், ஸ்கூல் வேன் வாசலுக்கே வருகிறது என்று வளவளத்தார்களே தவிர, நேரான பதில் இல்லை. மாலையில் வட்டிக்கு விடுகிறவர், பிளாட் போட்டு விற்கிறவர் என்று சிலரை அண்ணாச்சி விரல்விட்டு எண்ணுவார். அந்த விரல்களும் பொய்யில்லை. ஆனால் விரல் மடக்கும்போது கல்வித்துறையின் எமிஸ் இணையதளம் திறக்காமல் இரவு பத்து மணிக்கு வருகைப் பதிவு ஏற்றுகிறவரும், வாக்காளர் பட்டியலோடு வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவரும் அவர் கையில் அகப்படுவதில்லை.

அண்ணாச்சியின் கடைக்குட்டிப் பையன் படிப்பதும் மெட்ரிகுலேஷன் பள்ளியில்தான். ஃபீஸ் கட்டிய ரசீதை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அங்கே பாடம் நடத்துகிற மிஸ்ஸுக்கு எட்டாயிரம் ரூபாய் சம்பளமாம். அவர் கடையில் லோடு இறக்குகிற பையனுக்கு இதைவிட அதிகம். ஆனால் இது அவருக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை, ஆதாரமாகத்தான் தோன்றியது. "எட்டாயிரத்துக்கு அந்தப் புள்ள இங்கிலீஷ்லயே நடத்துது தெரியுமா!" என்பார். சம்பளம் குறையக் குறைய ஆசிரியரின் அறிவு கூடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஒரே வருஷத்தில் மூன்று மிஸ் மாறினபோது மட்டும் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று, "நல்ல டீச்சர் ஏன் நிலைக்க மாட்டேங்குது?" என்று சத்தம் போட்டுவிட்டு வந்தார்.

போராட்டம் என்றாலே அவர் 2003-க்குப் போய்விடுவார். "அந்த அம்மா முதல்வரா இருந்தப்ப என்ன பண்ணுச்சு? ஒரே கையெழுத்து! ஒண்ணே முக்கால் லட்சம் பேரு வீட்டுக்கு! அதுல்லா நிர்வாகம்!" அந்த ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ அத்தனை பேருக்கு வேலை போனது உண்மை. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் உண்மை. அதற்கடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் அந்த அம்மாவின் கட்சிக் கூட்டணி தோற்றதை நினைவுபடுத்தினால், "அது வேற விஷயம்லா" என்பார். எந்தச் சின்னத்தில் குத்தினார் என்று கேட்டால் அதுவும் வேற விஷயம்.

கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறவர் அண்ணாச்சியின் அப்பா. ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர். கடைக்கு முதல் போட்டதே அவருடைய பணிக்கொடையும் கம்யூட்டேஷன் பணமும்தான். பென்ஷன் ஏ.டி.எம். கார்டு அண்ணாச்சியின் சட்டைப் பையில் இருக்கும். எண்பது வயது நிறைந்தால் பென்ஷன் 20 சதவீதம் கூடும் என்ற அரசாணை அவருக்குத் தெரியும். அப்பாவுக்கு எண்பது முடிந்தபோது திருக்கடையூருக்கு அழைத்துப் போய் விமரிசையாகச் செய்தார். வருஷா வருஷம் நேர்காணலுக்குக் கருவூலத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போய், படியில் கைப்பிடித்து ஏற்றி, "எங்க அப்பா நல்லா திடமா இருக்காக" என்று எழுத்தரிடம் காட்டிவிட்டு வருவார். இப்படி ஒரு மகனை இந்தக் காலத்தில் பார்ப்பது அரிது.

"இப்ப உள்ள வாத்தியானுவளுக்கு எதுக்குப் பென்ஷன்?" என்று அண்ணாச்சி அன்றைக்குக் கேட்டபோது பெரியவர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"எண்பதுகள்ல ஸ்ட்ரைக்குன்னு எங்களப் புடிச்சு பாளையங்கோட்ட ஜெயில்ல போட்டான். நீதான டிபன் கேரியர் தூக்கிட்டு வந்த?"

"அது கொள்கைக்காகப் போனதுப்பா. அந்தக் காலமே வேற."

"இல்லடா. சம்பளத்துக்காகத்தான் போனோம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மறுபடி பேப்பரைத் தூக்கிக்கொண்டார்.

ஜனவரி 22-ல் வேலைநிறுத்தம் தொடங்கியது. பள்ளிகள் பல பூட்டிக் கிடந்தன. "பரீட்ச நெருங்குது, ஏழப் பிள்ளைக படிப்பு என்ன ஆவும்?" என்று அண்ணாச்சி கண் கலங்கிவிட்டார். ஓராசிரியர் பள்ளியில் ஒருத்தரே ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கிற மற்ற நாட்களில் ஏழைப் பிள்ளைகள் அவர் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை. அடித்து விரட்டுங்கள், சம்பளத்தைப் பிடியுங்கள், இருபத்து நாலு மணி நேரத்தில் வராதவன் வேலையைப் பறியுங்கள் என்று மூன்று நாள் ஓயாமல் பேசினார்.

அப்போதுதான் அரசு, வகுப்பெடுக்கத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப்போவதாகச் சொன்னது. சம்பளம் முதலில் 7,500 என்றார்கள், பிறகு 10,000 ஆயிற்று. அண்ணாச்சியின் மூத்த மகள் பி.எட். முடித்து, 2013-ல் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் பாஸ் பண்ணியவள். சான்றிதழை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருந்தார்கள். அது ஏழு வருஷம்தான் செல்லும் என்றிருந்த காலம். ஆறு வருஷம் பீரோவிலேயே கழிந்துவிட்டது. அண்ணாச்சி கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு, மகளையும் ஒரு கட்டு ஜெராக்ஸையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்குப் போனார். வாசலில் தெருமுனைவரை வரிசை. வெயிலில் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு.

"பத்தாயிரம் கொஞ்சம் கம்மிதான். உள்ள போய்ட்டா பெறவு பாத்துக்கிடலாம். நாளைக்கு இவங்களே சங்கம் வச்சுக் கேக்கலாம்லா?" என்றார்.

அதன் பிறகு வாத்தியார்களை விரட்டச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். டீக்கடையில் யாராவது திட்டினால்கூட, "அவங்க பக்கமும் யோசிக்கணும்பா. உறுதியா நிக்கட்டும்" என்று பேச்சை மாற்றினார். ஜாக்டோ–ஜியோ ஆர்ப்பாட்டம் நடந்த இடத்துக்கு வண்டியில் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டும் வந்தார். கூட்டம் குறையவில்லையே என்பதில் அவருக்குத் திருப்தி.

30-ஆம் தேதி போராட்டத்தை வாபஸ் வாங்கிவிட்டார்கள். கைதும் பணியிடை நீக்கமும் ஒரு பக்கம், பிள்ளைகளின் பரீட்சை ஒரு பக்கம். கோரிக்கை ஒன்பதும் அப்படியே கிடந்தன. செய்தியைக் கேட்டதும் அண்ணாச்சி கல்லாவை ஓங்கிச் சாத்தினார்.

"ஒம்பதே நாள்! அதுக்குள்ள முடிச்சிட்டானுவளே! போராட்டம்னா ஒரு பிடிவாதம் வேண்டாமா? இவனுவள நம்பி யாரு எறங்குவா?"