பச்சைத் திரையும் ஜாவாவும்: கேள்வி – பதில்

கேள்வி: ஜாவா படித்துவிட்டு வேலைக்குப் போனால் ஏஎஸ்/400 முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. படிப்பு வீணா?
– இளம் பொறியாளர், உத்திரமேரூர்

பதில்: வீணே இல்லை, தம்பி. வயதானது திரைக்குத்தான். 1988 ஜூனில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ஏஎஸ்/400-இன் வாரிசு, இன்று பவர் சர்வர்களில் ‘ஐபிஎம் ஐ’ என்ற பெயரில் ஓடுகிறது. 1995-இல் பிராசசரையே மாற்றினார்கள். பழைய புரோகிராம்களில் பெரும்பாலானவை திரும்ப எழுதப்படாமலே ஓடின. அவை பிராசசரோடு நேரே பேசுவதில்லை, நடுவில் ஓர் அடுக்கு உண்டு. ஜாவாவின் விர்ச்சுவல் மெஷினும் அதே யோசனைதானே? 1998-லேயே ஜாவா அங்கே குடியேறிவிட்டது. நீங்கள் போயிருப்பது மாமன் வீட்டுக்கு!

கேள்வி: டாம்கேட் என்ற ஜாவா சர்வரைத் தனி லினக்ஸ் சர்வரில் போடுவதா, அதே எந்திரத்திலா?
– அதே பொறியாளர்

பதில்: சரக்கு, பில், லெட்ஜர் எல்லாம் அங்கே டிபி2 டேட்டாபேஸில் இருந்தால் அதே எந்திரத்தில். டேட்டாவுக்காக நெட்வொர்க்கைத் தாண்ட வேண்டாம். ஆனால் ஜாவா மெமரியைத் தாராளமாக விழுங்கும். தனி சப்சிஸ்டமும் தனி மெமரி பூலும் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: வெப் பக்கத்தில் ‘உத்திரமேரூர்’ என்று அடித்தால் பில்லில் கட்டம் கட்டமாக வருகிறதே?
– கடை உரிமையாளர், மானாம்பதி

பதில்: கண்ணுக்கு அது 7 எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு. புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனிக் கணக்கு. யூடிஎஃப்-8-இல் 36 பைட். அன்று ஆர்பிஜி மொழியில் புரோகிராம் எழுதியவர் ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தால், ஆங்கிலத்தின் 11 எழுத்து தாராளமாக அடங்கியிருக்கும், தமிழ் அடங்காது.

அதைவிடப் பெரிய சிக்கல், பழைய ஃபைல்கள் எப்சிடிக் என்ற ஐபிஎம் எழுத்துக் குறியீட்டு முறையில் இருப்பது. ஆஸ்கியில் 65 என்று இருக்கும் ஆங்கில ‘ஏ’ அங்கே 193. வழக்கமான எப்சிடிக் பட்டியலில் தமிழுக்கு இடமே கிடையாது. ஜாவா ஒழுங்காகக் கொடுத்தாலும், சேமிக்கும்போதே தமிழ் எழுத்து போய் மாற்றுக்குறி ஏறிவிடும். பிறகு எந்த ஃபாண்ட் போட்டாலும் மீளாது. அந்த ஃபீல்டின் சிசிஎஸ்ஐடி என்ற குறியீட்டு எண்ணை 1208 (யூடிஎஃப்-8) ஆக்கி, நீளத்தையும் கூட்டச் சொல்லுங்கள். பிரிண்டருக்குப் போகும் வழியையும் சோதியுங்கள். சொந்த ஊரின் பெயரைத் தமிழில் அச்சிடாத பில்லை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: விலையை மாற்றியது யார் என்று ஜர்னலில் தேடினால் எல்லா வரியிலும் ஒரே யூசர் பெயர்!
– கணக்காளர், சாலவாக்கம்

பதில்: பச்சைத் திரையில் ஆளுக்கொரு புரொஃபைல் இருந்தது. ஜாவா சர்வரோ கனெக்‌ஷன் பூல் வைத்து, எல்லாருக்காகவும் ஒரே புரொஃபைலில் டிபி2-வுக்குள் நுழைகிறது. உங்கள் தாலுகாவிலேயே, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. ஊர் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைத் தேர்தலுக்கான குடவோலையில் எழுதக் கூடாது, அவருடைய உறவினர் பெயரும் கூடாது என்கிறது அது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, கைவைத்தவர் யாரென்று தெரியாத கணக்கை ஏற்காதீர்கள். லாகின் செய்தவர் பெயரை ஒவ்வொரு மாற்றத்தோடும் தனி ஃபீல்டில் எழுத வைக்க வேண்டும். அந்தப் பொதுப் புரொஃபைலுக்கு எல்லா ஃபைலையும் தொடும் அதிகாரம் இருந்தால், அதை இன்றைக்கே பிடுங்கச் சொல்லுங்கள்.