அரை மாத்திரை அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார். வெற்றிலையை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. பாக்குவெட்டியை மட்டும் விடவில்லை. இப்போது அதில் நறுக்குப்படுவது சுகர் மாத்திரை.

"முழுசாப் போட்டா சூடு வே. டாக்டர் அவர் பாட்டுக்கு எழுதுவாரு. நாமதான் உடம்பப் பாத்துக்கிடணும்."

பிரஷர் மாத்திரையோடு தனிப்பகை. பிரஷர் ஏறினால் வலிக்காது, குத்தாது; இருக்கிற இடம் தெரியாமல் இருக்கும். ஆம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அண்ணாச்சிக்கு வீங்கியது. சும்மா கிடக்கிற நோய், காலை வீங்கவைக்கிற மருந்து, இரண்டில் எதை வீட்டைவிட்டு விரட்டுவது? அவர் தீர்ப்பில் எனக்கென்னவோ கொஞ்சம் நியாயம் தெரியத்தான் செய்கிறது. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார். ஆனால் "எப்ப நிறுத்தினீங்க?" என்று கேட்டுவிடுவாரே!

கல்யாண வீட்டில் மட்டும் அரை ஒன்றாகும். இலையில் ஜாங்கிரி விழுந்ததும் சட்டைப்பையிலிருந்து முழு மாத்திரை வெளியே வரும். கணக்கு நேர்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வாசலுக்கே வருகிறது. வாங்கி, பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைக்கிறார். அரசாங்கம் வாசல்வரை வரலாம். தொண்டைக்குழிவரை வர முடியுமா? அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நீண்டகால நோய்க்காரர்களில் பாதிப்பேர்தான் மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிறார்கள், அதுவும் வளர்ந்த நாடுகளில், என்று உலக சுகாதார நிறுவனமே 2003-இல் எழுதிவைத்திருக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு அண்ணாச்சி வேறு ஆளாகிவிடுவார். முழு மாத்திரை, கேழ்வரகுக் கூழ், காலையில் நடை. வெறும் வயிற்றுச் சுகர் 118 வந்ததும் பரீட்சையில் பாஸானவர்போலச் சிரிப்பார். போன மாதம் லேப்காரர்கள் ஹெச்பிஏ1சி என்று ஒன்றையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் தன்மேல் ஒட்டிய சர்க்கரையை அது மறக்காது. 9.1 என்று வந்தது.

"மூணு மாசக் கதையும் இதுல தெரியுமாம் வே. உடம்புக்குள்ளயே ஒற்றன் வச்சிருக்கான்."

"மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"ஒரு வேளை தப்பாது டாக்டர்." அதுவும் பொய்யில்லை. அரை அரையாகத் தப்பாமல்தானே போடுகிறார்! வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருந்தார்கள். போட்டும் குறையவில்லை என்று நினைத்த டாக்டர், மெட்ஃபார்மின் 500-ஐ 1000 ஆக்கிவிட்டார்.

சாயங்காலம் போனபோது அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் புது அட்டை, மடியில் பாக்குவெட்டி. "இது மெள்ளக் கரையுற மாத்திரை, உடைக்கக் கூடாதுன்னு மருந்துக்கடைத் தம்பி படிச்சுப் படிச்சுச் சொன்னான்" என்று மதினி உள்ளிருந்து கத்திக்கொண்டிருந்தார்.

"ஆயிரத்துல பாதி ஐநூறு. டாக்டர் மொதல்ல எழுதினதும் ஐநூறுதான? அவர் சொன்னபடிதான் வே கேக்கேன்" என்றார் அண்ணாச்சி.

நறுக்கென்றது.